ரத்தம் தெரியாத நிறம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பட்டுத் துண்டிலிருந்து கிடைத்தது. ஒரு முழ நீளம், நான்கு விரல் அகலம், அரக்கு நிறம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் இதைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று உங்களிடமே கேட்கப் போகிறேன். அப்போது 'எந்தத் துண்டு?' என்று நீங்கள் விழிக்கக்கூடாது.

எழுதும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆரணியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் வார்டில் படுத்தபடி, வலது கைக் கட்டைவிரலால் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். இடது கையில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகிறது, சுத்தமாகி மற்றொன்றின் வழியாகத் திரும்பி வருகிறது. கையை அசைத்தால் மெஷின் கத்தும். ஆகவே இதில் சில வாக்கியங்கள் பாதியில் நிற்கும். அதை உத்தி என்று யாரும் மெச்ச வேண்டாம். மெஷின் கத்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

[ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்காதீர்கள். இது நானே கட்டிய ஆஸ்பத்திரி. படியில் உடைந்த மொசைக், பாதியில் நின்றுவிடும் லிஃப்ட் எல்லாம் என் கற்பனை. பஸ் ஸ்டாண்டில் இறங்கித் தேடினால் கிடைக்காது.]

இரண்டு தொடக்கங்கள் எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவது: "வேலு தன் கையிலிருந்த பட்டுத் துண்டை அவிழ்த்துப் பாக்கியமேரியின் கையில் கட்டினார்."

இரண்டாவது: "அலாரம் அடித்ததும் சிவசங்கரி கிளவுஸைக் கழற்றாமல் அடுத்த மெஷினுக்கு ஓடினாள்."

இரண்டும் நடந்தவை. இரண்டையும் என் கண்ணால் பார்த்தேன். இந்த இரண்டில் ஒன்றால்தான் பாக்கியமேரியின் ரத்தத்துக்குள் அந்த வைரஸ் —

[மெஷின். குழாய் மடங்கிவிட்டதாம். சரி செய்துவிட்டார்கள்.]

இரண்டில் ஒன்றால்தான் வந்தது என்று எழுத இருந்தேன். அலாரம் அடங்குவதற்குள் யோசித்துப் பார்த்ததில், இரண்டாலும் வராமல் மூன்றாவது ஒன்றால் வந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. வாழ்க்கையில் இது சகஜம். கதைக்கு இது பெரிய பேஜார்.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அதிகம் பேர் இல்லை.

வேலு சேவூர்க்காரர். வீட்டிலேயே தறி. சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தின்ற பிறகு, வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி, மற்ற நாள் தறி என்று உடம்பைப் பங்கு போட்டுக்கொண்டவர். பாக்கியமேரி ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவள். கல்யாணம் பேசிக்கொண்டிருந்த வருஷத்தில் கால் வீங்கியது. மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாக விசாரித்துவிட்டு மரியாதையாகவே விலகிக்கொண்டார்கள். நான் ஜக்கார்டு தறிகளுக்கு டிசைன் போடுகிறவன். சேலைக் கரையில் வரும் மயிலையும் மாங்காயையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. அதனால் வேலுவுக்கு நான் 'டிசைன் சார்'.

ஜன்னலோரம் வேலு, நடுவில் பாக்கியமேரி, சுவரோரம் நான். ஜன்னல் திறந்திருந்தால் ரைஸ் மில்லிலிருந்து நெல் அவிக்கும் வாசனை வரும். எங்கள் மூவருக்கும் எப்போதும் தாகம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து கொடுத்திருக்கிறார்கள். அந்த வாசனையில் வேலு, "கஞ்சித்தண்ணி நெனப்பு வருது சார்" என்பார். பாக்கியமேரி, "அண்ணா, சும்மா இருங்கண்ணா" என்று அதட்டுவாள். எங்களுக்குள் இருந்த கேலி அவ்வளவுதான்.

இப்போது துண்டு. ரத்தம் குழாயில் உறைந்துவிடாமல் இருக்க ஒரு மருந்து போடுவார்கள். ஊசியை உருவிய பிறகும் அந்த மருந்து உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும். ஊசி இருந்த ஓட்டையைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்குச் சீக்கிரம் நின்றுவிடும். பாக்கியமேரிக்கு நிற்காது.

"இன்னாம்மா, இன்னும் நிக்கலியா?" என்று வேலு கேட்டார், முதல் தடவை.

"இல்லண்ணா. பஞ்சு மாத்தி மாத்தி வச்சிட்டேன்."

"பஞ்சு உறிஞ்சிகினேதான் இருக்கும். அதோட வேலயே அது. பட்டு அப்டி இல்ல, கப்புனு புடிச்சிக்கும். இரு."

தறி வீடுகளில் விரல் வெட்டுப்பட்டால் யாரும் மருந்து தேடி ஓடுவதில்லை. பக்கத்தில் கிடக்கும் பட்டு நூல் கழிவை எடுத்து இறுக்கிச் சுற்றிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். வேலு அந்தப் பழக்கத்தை வார்டுக்கும் கொண்டு வந்திருந்தார். தன் கையில் கட்டியிருந்ததை அவிழ்த்தார், ஒரு உதறு உதறினார், அவள் கையில் பஞ்சுக்கு மேலே சுற்றி முடிச்சிட்டார். பஞ்சு ஏற்கெனவே ஊறிப் போயிருந்தது. ஆனால் ரத்தம் நின்றது. தறியில் பாவு இழைகளை முடிந்து பழகிய விரல்கள். அவர் போட்ட முடிச்சு வலிக்கவும் இல்லை, நழுவவும் இல்லை. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது.

அரக்கு நிறத்தைத் தேர்ந்தெடுத்தவள் அவர் மனைவி அபிதகுசாம்பாள். ரத்தம் பட்டால் தெரியாது என்று ஒரு பழைய சேலையின் உடலிலிருந்து கிழித்துக் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் அதைத் துவைத்தும் அனுப்பினாள். எப்படி? பட்டை எப்படித் துவைக்க வேண்டுமோ அப்படி. பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் மெல்லக் கசக்கி, பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, நான்காக மடித்து. சாயம் ஏற்றுவதற்கு முன்னால் நூலைக் காய்ச்சுவோம், சரி. சாயம் ஏறிய பட்டுக்குக் கொதிநீர் ஆகாது, பிளீச்சிங் ஆகாது, வெயில் ஆகாது. ஆரணியில் இதை எந்த வீட்டிலும் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த வைரஸைக் கொல்ல என்னென்ன வேண்டுமோ அவையெல்லாம் பட்டுக்கு ஆகாதவை. எங்களில் யாராவது ஒருவர் அப்போது இதை யோசித்திருந்தால் —

இல்லை, இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. நாங்கள் எல்லோரும் பட்டு நெய்கிற ஊர்க்காரர்கள். பட்டு அழுக்காக இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே தோன்றாது.

[குறிப்பு: என் கையிலும் ஒருமுறை கட்டினார். இதைச் சொல்லாமல் விட நினைத்தேன். விட்டால் நான் எட்ட நின்று பார்ப்பவன் போல ஆகிவிடும்.]

3

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. மழைக்காலப் பரிசோதனையில் வேலுவுக்கு 'சி பாசிட்டிவ்' என்று வந்தது. கல்லீரலைத் தின்னும் வைரஸ், மஞ்சள் காமாலையில் ஒரு வகை. ரத்தத்தோடு ரத்தம் பட்டால்தான் பரவும். தொட்டால், பேசினால், ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. ரத்தத்தோடு ரத்தம் படும் இடம் என்று ஊரில் ஓர் இடத்தைச் சொல்லுங்கள் பார்ப்போம். நாங்கள் வாரம் மூன்று முறை அங்கேதான் படுத்திருக்கிறோம்.

வேலுவுக்கு எங்கிருந்து வந்தது என்பது யாருக்கும் தெரியாது. முன்பு ரத்தம் ஏற்றியதிலா, இங்கேயேவா, எப்போதிலிருந்து? அது உள்ளே நுழைந்து, ரிப்போர்ட்டில் தலைகாட்டும் வரை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட, சத்தமில்லாமல் இருக்குமாம். அதாவது நெகட்டிவ் என்றால் இல்லை என்று அர்த்தமல்ல. இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம்.

வராந்தாவின் கடைசியில் ஒரு சிறிய அறைக்கு அவரை மாற்றினார்கள். தனி மெஷின். போகும்போது துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு யாருக்கும் தரவில்லை. ஒருநாள் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கையில் என்னிடம் சொன்னார்:

"எனக்கு வந்தது என்னோட போவட்டும் சார். என்னால இன்னொரு உயிருக்கு வந்துச்சினு தெரிஞ்சுது, அன்னியோட இங்க வர்றத நிறுத்திடுவேன். இத்த சும்மா பேச்சுக்குச் சொல்லல."

அவர் சும்மா பேச்சுக்கு எதுவும் சொல்லிக் கேட்டதில்லை. வருவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். முதலில் மூச்சு வாங்கும். சில நாட்கள்தான்.

அடுத்த பரிசோதனையில் பாக்கியமேரிக்கு வந்தது.

அவளுடைய அம்மா லீலா, மகளுக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுப்பதாக இருந்தது. வேலூரில் எல்லா டெஸ்டும் முடிந்து, நாள் குறிப்பதுதான் பாக்கி. இப்போது நிறுத்தி வைத்துவிட்டார்கள். முதலில் வைரஸுக்கு மாத்திரை, பிறகு அது போய்விட்டதா என்று பார்க்கக் காத்திருப்பு, பிறகு எல்லா டெஸ்டும் முதலிலிருந்து. இதில் என்ன, சில மாதம்தானே என்பீர்கள். லீலாவுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. இன்னும் கொஞ்சம் ஏறினால் அந்த அம்மாவின் சிறுநீரகத்தைத் தொடமாட்டார்கள். அந்த வீட்டில் கொடுப்பதற்கு வேறு ஆள் இல்லை.

லீலா காலையில் எழுந்ததும் சர்ச் வரைக்கும் நடக்கிறார். ஜெபம் முடித்துத் திரும்பி நடக்கிறார். சோற்றைக் குறைத்துவிட்டார். "கடவுள் கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன் தம்பி. என்ன எப்ப வேணா கூப்பிட்டுக்கட்டும். அதுவரைக்கும் என் சர்க்கரைய மட்டும் ஏத்தாம வச்சிக்கட்டும்" என்றார். இந்த இடத்தில் ஒரு நல்ல உவமை எழுதலாம். மனசு வரவில்லை.

4

ஆகவே இரண்டாவது தொடக்கத்துக்குப் போனேன். கிளவுஸ்.

சிவசங்கரி எங்கள் டெக்னீஷியன். தெள்ளார்ப் பக்கமிருந்து விடியும் முன் பஸ் பிடித்து வருகிறவள். ஒரு ஷிஃப்டில் அத்தனை மெஷினுக்கும் அவள் ஒருத்திதான். வேலு தனி அறைக்குப் போவதற்கு முன்னால் ஒருநாள், அவருடைய ஊசியை உருவிக்கொண்டிருந்தபோது பாக்கியமேரியின் மெஷினில் அலாரம் அடித்தது. பாக்கியமேரிக்குப் பிரஷர் இறங்கிக் கண் செருகியது. சிவசங்கரி ஓடினாள். ரத்தம் பட்ட கிளவுஸோடு ஓடினாள், குழாயைப் பிடித்தாள், திருகினாள், அவளைக் காப்பாற்றினாள். கிளவுஸை மாற்றிக்கொண்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. மாற்றாமல் வந்ததால் என்ன ஆனது என்றும் தெரியாது.

இதை உருக்கமாக எழுதலாம். எழுதினேன். எழுதிப் படித்துப் பார்த்தால், தெள்ளாரிலிருந்து வரும் ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைப்பது தவிர அந்தப் பக்கம் வேறெதையும் செய்யவில்லை.

[சிறு குறிப்பு, பெரிய கோபம்: ஒரு ஷிஃப்டுக்கு ஓர் ஆள் போதும் என்று முடிவு செய்தவர் இந்தக் கதையில் எங்கும் வரவில்லை. கவனித்தீர்களா? நான் ஒளிக்கவில்லை. அவர் வார்டுக்குள் வந்ததே இல்லை, அதனால் எந்தக் காட்சியிலும் வைக்க முடியவில்லை. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவேன் என்று வீராப்புப் பேசுகிற என் போன்ற ஆட்களிடமிருந்து இப்படிப்பட்டவர்கள் சுலபமாகத் தப்பித்துவிடுகிறார்கள்.]

அவருக்குப் பதிலாக மேனேஜர் ஜெயச்சந்திரன் வந்தார். பாக்கியமேரியின் ரிப்போர்ட் வந்த வாரம் கட்டில் கட்டிலாக நின்று விசாரித்தார். நல்ல மனிதர்தான், சட்டையில் மடிப்பு கலையாத மனிதர்.

"வெளிய எங்கயாவது ஊசி போட்டீங்களா? பல்லு புடுங்கினீங்களா? பச்ச குத்தினீங்களா? வெளியிலேர்ந்து எதாவது கொண்டாந்தீங்களா?"

கேள்வி எல்லாமே 'வெளியே'. உள்ளே என்ற வார்த்தை அவர் வாயில் வரவேயில்லை. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. துண்டு என்று ஒரு சொல் என் வாயிலிருந்து விழுந்தால் போதும். அதைக் கொத்திக்கொண்டு போய்விடுவார். கிளவுஸ், ஆள் பற்றாக்குறை, பலருக்கும் ஒரே புட்டியிலிருந்து எடுக்கும் மருந்து, கழுவிக் கழுவித் திரும்பப் போடும் ஃபில்டர், எல்லாம் அந்த ஒரு முழத் துணியால் துடைக்கப்பட்டுவிடும். ஆஸ்பத்திரி கைகழுவிவிடும். சேவூர் நெசவாளி ஒருத்தர் அழுக்குத் துணியால் டீச்சரைக் கெடுத்தார் என்று ஊர் பேசும்.

"ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

ஆகவே துண்டை எழுதினால் வேலு. கிளவுஸை எழுதினால் சிவசங்கரி. எதையும் எழுதாவிட்டால் பாக்கியமேரிக்கு எதனாலோ வந்தது, விதி. அந்த மூன்றாவதைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

5

என் தொழிலில் ஒரு வசதி உண்டு. சேலையில் ஒரு மயிலுக்கு மூக்கு கோணியிருந்தால், அதே கோணல் அதே இடைவெளியில் கரை முழுக்க வரும். அளந்துகொண்டே போனால் டிசைனைத் தறிக்குச் சொல்லும் ஓட்டை அட்டைகளில் எதில் எந்த ஓட்டை தவறு என்று பிடித்துவிடலாம். ரத்தத்தில் அப்படிப் பின்னோக்கி அளந்துகொண்டு போக எனக்குத் தெரியவில்லை. பெரிய ஊர்களில் வைரஸின் வம்சாவளியைப் பார்க்கும் சோதனை உண்டாம். யாருடையதிலிருந்து யாருக்கு என்று ஓரளவு சொல்லும். அதுகூட, கிளவுஸா துண்டா என்று சொல்லாதாம்.

இனி ஒரு பாத்திரத்தின் மேல் எனக்கு வந்த சந்தேகம். வேலு மேல் இல்லை. பாக்கியமேரி மேல்.

அவளையும் அந்தச் சிறிய அறைக்கு மாற்றினார்கள். அங்கே இரண்டே கட்டில். ஊசி இடது கையில் என்பதால் அவள் வலப்பக்கம்தான் முகத்தைத் திருப்ப முடியும். வலப்பக்கம் வேலு. ஷிஃப்ட் முடியும் வரை ஒருவரையொருவர் பார்த்தபடி படுத்திருக்கிறார்கள்.

நான் கதை எழுதுவதை எப்படியோ மோப்பம் பிடித்தவள் அவள். ஒருநாள் பெஞ்சில், வார்டைக் கழுவிவிடும் வரை காத்திருந்த நேரத்தில், எழுதியதைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். துண்டு வரும் இடத்தை மட்டும் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன்.

"அந்தத் துணிய விட்டுட்டீங்களே சார்" என்றாள்.

போனை அணைத்து மடியில் வைத்தேன்.

"எனக்கு ரிப்போர்ட் வந்த அன்னிக்கே தெரியும். வூட்டுக்குப் போயி முதல்ல என் கையத்தான் பார்த்தேன். அந்த வேலு கிட்ட நீங்க சொல்லிடுங்க. என் வாயால வராது. ஆனா அவரு தெரிஞ்சிக்கணும். எங்க அம்மா தினம் நடக்கறாங்க சார், கால்ல கொப்புளம் வந்து நடக்கறாங்க. அவரு என்னாடான்னா எதிர்ல படுத்துகினு 'சாப்ட்டியாம்மா'னு கேக்கறாரு. எனக்கு எப்டி இருக்கும்?"

சரி, சொல்கிறேன் என்றேன். என் கதைக்கு ஒரு திசை கிடைத்தது. ராத்திரியெல்லாம் எழுதினேன்.

அடுத்த ஷிஃப்டுக்கு வந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாதீங்க. சொன்னா நின்னுடுவாரு. எனக்கு அவரு மேல கோவம் போவல, ஆனா அவரு சாவணும்னு நான் கேக்கல. அந்தத் துணிய எடுத்துடுங்க கதையிலேர்ந்து. கிளவுஸையே வச்சிக்குங்க."

"அப்ப சிவசங்கரி?"

"பேர மாத்திக்குங்க. அதானே நீங்க செய்வீங்க?"

எடுத்தேன். அதற்கடுத்த முறை அவள் சொன்னது: "எடுத்துட்டீங்களா? எடுத்ததுக்கு அப்புறம் யோசிச்சேன் சார். எனக்கு எப்டி வந்துதுனு எழுதாத கதையில நான் எதுக்கு?"

அவள் நான் உண்டாக்கிய பாத்திரமாக இருந்தால் ஒரு முடிவில் நின்றிருப்பாள். மன்னித்திருப்பாள், அல்லது சபித்திருப்பாள். வாசகருக்கும் வசதியாக இருந்திருக்கும். இவள் ஒரு நாள் மன்னிக்கிறாள், மறுநாள் வாபஸ் வாங்கிக்கொள்கிறாள். எனக்கு அவள் மேல் எரிச்சல் வந்தது. அப்புறம் என் எரிச்சலின் மேல் வெட்கம் வந்தது. ஏனென்றால் அவள் சொன்ன இரண்டுமே சரி.

6

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். பாருங்கள்.

முடிவு ஒன்று. மாத்திரை வேலை செய்கிறது. லீலாவின் சர்க்கரை ஏறவில்லை. வேலூரில் ஆபரேஷன் நடக்கிறது. பாக்கியமேரி ஒரு சொம்புத் தண்ணீரை யாரும் அளக்காமல் ஒரே மூச்சில் குடிக்கிறாள். [இது நடக்காது என்று நான் சொல்லவில்லை. இந்த மாத்திரை பெரும்பாலோருக்கு வைரஸைத் துரத்திவிடுகிறது என்று டாக்டரே சொன்னார். நடக்கட்டும். நடந்தால் நானே சொம்பை ஏந்திக்கொண்டு போய் நிற்பேன். ஆனால் வேலுவுக்குத் தெரிய வேண்டுமா என்ற கேள்விக்கு இந்த முடிவு பதில் சொல்லவில்லை. தண்ணீரைக் காட்டித் தப்பிக்கிறது.]

முடிவு இரண்டு. நான் சொல்லிவிடுகிறேன். வேலு கேட்டுக்கொள்கிறார். அடுத்த ஷிஃப்டில் ஜன்னல் பக்கம் — இல்லை, அந்தச் சிறிய அறையில் — ஒரு கட்டில் காலி. சேவூர் டவுன் பஸ்ஸில் நான் போகிறேன். அவர் தெருமுனையில் பந்தல் போட்டு

[இதற்கு மேல் எழுத முடியவில்லை. மெஷின் கத்தவில்லை. நான்தான் நிறுத்தினேன்.]

முடிவு மூன்று. யாரோ சொல்லி, துணி விஷயம் ஆஸ்பத்திரிக்குத் தெரிந்துவிடுகிறது. வார்டு வாசலில் ஒரு போர்டு வருகிறது: 'வெளித் துணிகளுக்கு அனுமதி இல்லை.' போர்டுக்குக் கீழே சிவசங்கரி வழக்கம்போல ஒருத்தியாகவே ஓடிக்கொண்டிருக்கிறாள். [மூன்றில் இதுதான் நடக்கக்கூடியது. இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம்கூடக் கற்பனை தேவைப்படவில்லை.]

7

இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே கழுவிக்கொண்டிருக்கிறார்கள். பிளீச்சிங் வாசனை வராந்தா வரை வருகிறது. என் இரண்டு கையும் சும்மா இருக்கின்றன. இனி மெஷினைச் சாக்குச் சொல்ல முடியாது.

என் சென்ற மாத ரிப்போர்ட் நெகட்டிவ். அதற்கு என்ன அர்த்தம் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

பெஞ்சின் அந்தக் கோடியில் பாக்கியமேரியும் லீலாவும். லீலாவின் காலில் புதுச் செருப்பு, அதற்குள் பஞ்சு. சற்று முன்பு வேலு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பழக்கத்தில் அவர் சட்டைப் பையைப் பார்த்தேன். அரக்குத் துண்டின் முனை எப்போதும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். இன்று இல்லை.

"எங்க வேலு, துணியக் காணோம்?"

"அடுப்புல போட்டுட்டேன் சார்."

"ஏன்?"

"பழசாயிடிச்சி."

பட்டு எரிந்தால் தலைமுடி கருகும் நாற்றம் வரும். அசலா போலியா என்று பார்க்க எங்கள் ஊரில் ஓர் இழையைக் கொளுத்தி மோந்து பார்ப்பார்கள்.

"வூடே நாறிப் போச்சி" என்றார். "அபிதா கத்திகினே இருந்தா. அசல் பட்டு சார் அது."

அவர் முகத்தைப் பார்த்தேன். தெரிந்துதான் எரித்தாரா, பழசாகிவிட்டது என்பதால் எரித்தாரா? முகத்தை வாசிக்கத் தெரிந்தவன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அவர் முகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வீங்கிய கண், காய்ந்த உதடு. எங்கள் எல்லோருக்கும் அதே முகம்தான்.

"டிசைன் சார், எங்கள வச்சி கத எழுதிகினு கீறீங்களாமே. மேரி சொல்லுச்சி."

பாக்கியமேரியைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. அவள் சொல்ல வேண்டிய இரண்டையும் ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

"ஆமா" என்றேன்.

"நான் வரேனா அதுல?"

"வர்றீங்க."

"நல்லவனாவா?"

"நல்லவராத்தான்."

வேலு தன் இடது கையைத் திருப்பினார். ஊசித் தழும்புகள் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். லீலா எழுந்து வராந்தாவில் நடக்க ஆரம்பித்தார், அந்தக் கோடி வரை, திரும்பி இந்தக் கோடி வரை. வேலு அந்தச் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப படிங்க. ஜல்தியா படிங்க, கூப்ட்ருவாங்க. எதயும் தாண்டிடாம படிங்க சார்."

போனைத் திறந்தேன். முதல் தொடக்கம் மேலே இருக்கிறது. இரண்டாம் தொடக்கம் கீழே இருக்கிறது. துண்டில் தொடங்குவதைப் படித்தால் அவர் அடுத்த முறை வராமல் போகலாம். மற்றொன்றைப் படித்தால், கேட்டதைக் கொடுக்காமல் ஒரு மனிதரை ஏமாற்றிவிட்டு எழுந்து போகிறேன், அதையும் பாக்கியமேரி பார்த்துக்கொண்டிருக்கையில். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால், அந்தப் பொய்யைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாரா, மாட்டாரா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் நால்வரில் யாரைக் கேட்டாலும் பதில் வராது. சிவசங்கரி கதவைத் திறந்து பெயர் கூப்பிடும் வரை கொஞ்சம் நேரம் இருக்கிறது. உங்கள் கையில் ஊசி இல்லை. உங்கள் ரிப்போர்ட்டுக்கு யாரும் காத்திருக்கவில்லை. இரண்டு வரிகளும் உங்களுக்குத் தெரியும், முதல் பக்கத்திலேயே கொடுத்துவிட்டேன்.

எதைப் படிக்கட்டும், சொல்லுங்கள். அவர் நன்றாகக் கேட்க வேண்டும் என்று நகர்ந்து உட்கார்ந்துவிட்டார்.